அறுபத்து மூணு ஆம்பியர்

— இல்ல புள்ள, அத நான் தரமாட்டன். வேற என்னமும் கேளு.

— என்னாங்க ராத்தா இப்பிடி சொல்றீங்க? அந்தா, ஒங்க பின்னுக்குத் தட்டுல அடுக்கி வச்சிருக்கீங்களே. அறுபத்து மூணு ஆம்பியர்னு எழுதியே இருக்கு.

— ஈக்கி. இல்லண்டு செல்லல்ல. ஒனக்குத் தரமாட்டன் எண்டுதான் செல்றன். மாணிக்கக் குழிக்கு எண்டு நீ வாயத் தொறந்து செல்லிட்டாய். அதுக்குப் பொறகு எப்பிடித் தாற?

— எஹலியகொடைக்கு அங்கிட்டு இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். இந்த மழையில வெறுங்கையோட போனா எங்க வீட்டுக்காரரு என்னைய உயிரோட விடமாட்டாரு.

— ஒன்ட பேர் என்ன?

— ரோசலின்ங்க.

— ரோசலின், இந்த இரத்தினபுரி டவுன்ல பளீலா ராத்தாட கடையெண்டு கேட்டா ஆரும் செல்லுவாங்க. இந்தக் கவுண்டர்ல நிண்டு நிண்டே என்ட தலை நரச்சிட்டு. சாமான் கேட்டு வாறவங்கள சும்மா திருப்பி அனுப்புற ஆள் இல்ல நான். நீ இப்பிடி உள்ளுக்கு வா, சாரல் அடிக்குது. அந்தப் பையில என்ன?

— பழசுங்க. சாம்பிளுக்குக் காட்டச் சொல்லிக் குடுத்து விட்டாரு. இதுக்குப் பதிலா பெருசா ஒண்ணு வாங்கிட்டு வான்னு.

— காட்டு பாப்பம்… இது பிரேக்கர் இல்ல புள்ள. இது ட்ரிப் சுவிட்ச். தெரியுமா வித்தியாசம்?

— எனக்கு என்னாங்க தெரியும்? நான் றப்பர் பால் வெட்டுறவ. ரெண்டும் கீழ விழுந்தா வீடு இருட்டாயிரும், அவ்வளவுதான் தெரியும்.

— சரி, கேளு. நீ கேக்குற பிரேக்கர் இருக்கே, அது வயரக் காப்பாத்துற சாமான். வயர் தாங்காத அளவு கரன்ட் ஓடினாத்தான் விழும். அறுபத்து மூணு எண்டா, அந்தக் குழிக்கு இழுத்திருக்கிற மெல்லிசு வயர் உருகி ஒழுகினாலும் விழாது. மனிசன் ஒருத்தன் கரன்ட்ல பிடிபட்டா அதுக்கு விளங்கவே விளங்காது. இந்தப் பழசு அப்பிடி இல்ல. கரன்ட் போன வழியால திரும்பி வராம, தண்ணிக்குள்ளயோ மனிசன்ட உடம்புக்குள்ளயோ கொஞ்சம் கசிஞ்சாலும் உடன வெட்டிடும்.

— அதாங்க வெட்டிக்கிட்டே இருக்கு! மழை தொடங்குனதுல இருந்து பம்பப் போட்டா விழுது, போட்டா விழுது. குழி முதலாளி சனியன் புடிச்ச சாமான்னு கழட்டி வீசச் சொல்லிட்டாரு.

— சனியன் அது இல்ல. கரன்ட் எங்கேயோ கசியுது எண்டு அது கத்துது. வயர்ல ஜொயின்ட் ஈக்கா?

— இருக்குன்னுதான் நெனக்கிறேன். ரெண்டு மூணு எடத்துல டேப்பு சுத்திருக்குன்னு எங்க லயத்து இராமசாமி சொன்னாரு. அவரும் எங்க வீட்டுக்காரரும்தான் கீழ எறங்கிறது. தோட்டத்துல இப்ப வாரத்துல பாதி நாளு வேலையே இல்ல பாருங்க, அதுனால எங்க வீட்டுக்காரருதான் அவரக் கூட்டிட்டுப் போய்ச் சேத்து விட்டாரு. இராமசாமிக்குப் பயம். ஈரக் கையோட பம்பத் தொட்டா விறுவிறுங்குதுக்கா, நீயாச்சும் அண்ணன்கிட்ட சொல்லுன்னாரு.

— சென்னியா?

— சொன்னேன். குழியப் பத்தி பொம்பளைக்கு என்னா தெரியும்னாரு. அங்கிட்டுத் தலை வச்சும் படுக்கக்கூடாதே நாங்க. பொம்பள குழிகிட்ட வந்தா கல்லு கீழ போயிருமாம். அந்தக் குழி எங்க இருக்குன்னுகூட நான் கண்ணால பார்த்தது இல்ல ராத்தா.

— அவங்கட ஒடம்பு விறுவிறுக்குது எண்டா அது சின்ன விசயம் இல்ல. இண்டைக்கு விறுவிறு. நாளைக்குக் கை ஒட்டிக்கிடும். கரன்ட் பிடிச்சா தசை இறுகிப் போகும், விட நெனச்சாலும் கை விடாது.

— சரிங்க, நீங்க சொல்றதே சரின்னு வச்சிக்குவோம். இந்த மாதிரியே புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். அதுவும் வெட்டும் இல்லீங்களா? வெட்டுனா பம்பு நிக்கும். பம்பு நின்னா தண்ணி ஏறும். போன மழைக்கு அடுத்த குழியில பம்பு நின்னு, எண்ணெய் ஊத்தித் திரும்ப முடுக்குறதுக்குள்ள செவரு சரிஞ்சு ஒருத்தரு போயிட்டாரு. சகதியோடதான் தூக்குனாங்க. கரன்ட்டுல சாகுறதா, தண்ணியில சாகுறதான்னு கேக்குறீங்களா என்கிட்ட?

— அப்பிடிக் கேக்கல்ல புள்ள. நீ கேட்டது நாயமான கேள்வி. அத நெனச்சித்தான் சாமானத் தெரிஞ்செடுக்கணும். இஞ்ச பாரு, முதல்ல ஜொயின்ட் இல்லாத ஒரே வயர், தண்ணிக்குள்ள கெடக்கத் தக்க றப்பர் ஒற போட்டது. கசிவு நிண்டா ட்ரிப் சுவிட்ச் சும்மா விழாது. ரெண்டாவது, பம்புக்குத் தனி, லைட்டுக்குத் தனி. பம்பு விழுந்தாலும் லைட் எரியணும், ஏணி தெரியணும்.

— ம்.

— மோட்டர் எத்தின ஹோர்ஸ் பவர்?

— மூணுன்னாரு.

— அப்ப மோட்டருக்கெண்டே செஞ்ச பிரேக்கர் ஈக்கி, இருவத்தஞ்சு ஆம்பியர். மோட்டர் தொடங்கக்குள்ள ஒரு மூச்சு கூட இழுக்கும், அதத் தாங்கும். அதுக்குப் பிந்தியும் கூட இழுத்தாத்தான் வெட்டும். அதோட ஒரு ட்ரிப் சுவிட்ச். இது ரெண்டையும் தகரப் பெட்டியில போடக்கூடா. ஒங்கட பக்கத்து ஈரத்துக்கு ஒரு மழையில உள்ளுக்குப் பச்ச பூத்துடும். மூடியில றப்பர் வளையம் வச்ச பிளாஸ்டிக் பெட்டி தாறன். பூமியில அடிக்கச் செம்புக் கம்பியும். பம்பு நிண்டா உடன முடுக்க, எண்ணெய்ப் பம்பு ஒண்ட மேல ரெடியா வச்சிக்கச் செல்லு.

— முதலாளி இதுக்கெல்லாம் ஒத்துக்கணுமே.

— ஒத்துக்காட்டி ஒன்ட மாப்பிள எறங்கத் தேவல்ல. அவ்வளவுதான்.

— நீங்க சுளுவா சொல்லிட்டீங்க… சரி. எடுத்து வைங்க. பெருசு கடையில இல்லன்னு சொல்லிக்கிறேன். ஏசுனா ஏசட்டும்.

— நல்ல புள்ள. பெட்டிய இதில வச்சிட்டன். பழசையும் போடவா… ரோசலின்.

— என்னாங்க?

— பழச கழட்டி ஒன்ட பைக்குள்ள போட்டு அனுப்பிட்டாங்க. அப்ப அங்க இப்ப என்னத்தில பம்பு ஓடுது?

— தெரியலீங்க. இன்னைக்கு வேலை நிப்பாட்டி இருப்பாங்க.

— காலையில வேலைக்குப் போனாரா இல்லியா?

— போனாரு. சோறு கட்டிக் குடுத்தேனே.

— ஃபோன் எடு. சத்தமாப் போடு, நானும் கேக்குறன்.

— எடுக்குறாரு, எடுக்குறாரு… என்னங்க, நான்தான்.

— சொல்லு ரோசி. வாங்கிட்டியா?

— கடையிலதான் இருக்கேன். அங்க வேலை நடக்குதா?

— பின்ன? ஜோரா நடக்குது. தேத்தண்ணி குடிக்க மேல வந்தேன், இந்தா எறங்கப் போறேன். அடியே, அவசரமில்ல, ஆறுதலா வா. காலையில முதலாளி மெயின் கம்பியிலேயே நேரா கொக்கி போட்டு விட்டுட்டாரு. ஒரு தடவை நிக்கலியே! பம்பு ராஜா மாதிரி ஓடுது. மாணிக்கம் கெடக்குற இல்லம் மண்ணையும் தொட்டாச்சு, நல்லா வருது.

— என்னங்க, எறங்காதீங்க. இங்க கடையில ராத்தா சொல்றாங்க, அது கசியுதாம்…

— ஹரி ஹரி, வெளங்குது, கடைக்காரங்க சாமான் விக்க ஆயிரம் சொல்லுவாங்க.

— தம்பி, நான் பளீலா பேசுறன். சாமான் வேணாம், ஒண்டும் வேணாம். அந்தக் கொக்கிய எடுத்திட்டுப் பேசுங்கோ. கீழ ஆராச்சும் நிண்டா மேல ஏறச் செல்லுங்கோ.

— இராமசாமி கீழதான் நிக்கிறான். அவன் என்னா, சின்னப் புள்ளையா? ரோசி, போன வை. முதலாளி பார்த்துக்கிட்டு நிக்கிறாரு.

— என்னங்க! என்னங்க… வச்சிட்டாரு ராத்தா.

— திரும்ப எடு.

— மணி அடிக்குது. எடுக்கல… மாதாவே, எடுக்க மாட்டேங்கிறாரே.

— விடாத. எடு.

— ஹலோ, யாரு?

— நீங்க யாரு? இது எங்க வீட்டுக்காரரு ரொபர்ட்டு போனு.

— நான் வேலுசாமி, தங்கச்சி. மேல கயிறு இழுக்கிறவன். ரொபர்ட்டு போன என்கிட்ட குடுத்துட்டு எறங்கிட்டான். கீழ கொண்டு போனா நனைஞ்சிரும்ல.

— வேலண்ணே, பம்ப நிப்பாட்டுங்க. இப்பவே நிப்பாட்டுங்க!

— அனே தங்கச்சி, எதுக்கு? முதலாளி இப்பதான் ரோட்டுப் பக்கம் போனாரு. வந்தா என்னையக் கொன்னுருவாரு.

— அவங்கள மேல கூப்பிடுங்க அப்ப. கத்திக் கூப்பிடுங்க.

— கூப்பிட்டா கேக்காதே. மோட்டர் சத்தம். ரொபர்ட்டு பக்கச் சுரங்கத்துக்குள்ள போயிட்டான். அவனும் என்னமோ கத்திக்கிட்டுத்தான் இருக்கான், என்னான்னு வெளங்கல. கூடையும் மேல வரல.

— இராமசாமி?

— பம்புகிட்ட நிக்கிறான். மேல இருந்து முதுகு தெரியுது.

— புள்ள, அந்த ஃபோன இஞ்ச தா. வேலுசாமி, நான் செல்றதக் கேளுங்கோ. அந்தக் கொக்கிக் கம்பி எங்க தொங்குது?

— வாடிக் குடிசைக்குப் பக்கத்துக் கம்பத்துல.

— கையால தொட வேணாம். வாடிக்குள்ள காஞ்ச கட்டை ஒண்டு ஈக்குமே, விறகு?

— றப்பர் கட்டை இருக்கு. ஆனா பம்பு நின்னா தண்ணி ஏறுமே. மழை வேற கொட்டுது.

— ஏறட்டும். சத்தம் நிண்டாத்தான் அவங்களுக்கு நீங்க கூப்பிடுறது கேக்கும். காஞ்ச கட்டையால கம்பியத் தட்டி விடுங்கோ. விழுந்த கம்பிக்குக் கிட்டப் போக வேணாம்.

— முதலாளி கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

— ரோசலின் சொன்னான்னு சொல்லுங்கண்ணே! பொம்பள சொன்னா, ரொபர்ட்டு பொஞ்சாதி சொன்னா, குழியே நாசமாப் போவட்டும்னு சொன்னான்னு சொல்லுங்க. தட்டி விடுங்க!

— அனே… இரு, இரு. போன இங்க வைக்கிறேன்.

— ராத்தா, ஒண்ணும் கேக்கலியே.

— மோட்டர் சத்தம் கேக்குது பாரு. பொறு.

— எவ்வளவு நேரம்…

— நிண்டுட்டு. கேட்டியா? நிண்டுட்டு. மழைச் சத்தம் மட்டும்தான் இப்ப.

— கத்துறாங்க. யாரோ கத்துறாங்க. அது அவரு சத்தம்! ராத்தா, அது எங்க வீட்டுக்காரரு சத்தம். எவன்டா நிப்பாட்டுனதுன்னு ஏசுறாரு. ஏசட்டும், நல்லா ஏசட்டும். மாதாவே, ஒனக்கு நான் மெழுகுதிரி கொளுத்துவேன்.

— அல்ஹம்துலில்லாஹ். இந்தா, இந்தக் கதிரயில இரி.

— வீட்டுக்கு வந்து என்னைய அடிப்பாரு. முதலாளி அவர வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. பரவாயில்ல. றப்பர் காட்டுல கிடைக்கிறது போதும்… ஏன் ராத்தா, இவ்வளவு நேரமா ஒருத்தரும் பேசலியே?

— ஏறிக்கொண்டு ஈப்பாங்க. ஏணி நீளம் இல்லியா?

— வேலண்ணே! வேலண்ணே, போன எடுங்க! என்னங்க, கேக்குதா?

— ரோசி.

— என்னங்க! மேல வந்துட்டீங்களா? ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?

— எனக்கு ஒண்ணுமில்ல.

— கோவப்படாதீங்க, நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். வேலண்ணே மேல தப்பு இல்ல. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தாப் போதும்னு…

— கரன்ட் நின்ன பொறகுதான் இராமசாமி கை பம்ப விட்டுச்சு.

— என்னா சொல்றீங்க?

— அப்பிடியே தண்ணிக்குள்ள மல்லாந்து விழுந்தான். கயித்தக் கட்டி மேல தூக்கிட்டோம். வேலு நெஞ்ச அமுத்திக்கிட்டே இருந்தாரு.

— தம்பி, விடாம அமுக்கச் செல்லுங்கோ. ஆம்புலன்ஸுக்குப் பேசினீங்களா?

— வேலு போன்ல பேசியாச்சுங்க. ரோட்டுல இருந்து எறங்கி வரணுமே. வேலு இப்ப கைய எடுத்துட்டாரு. கண்ண மூடி விட்டுட்டாரு.

— என்னங்க… இராமசாமியா? காலையில நம்ம வாசல்ல நின்னு ஒங்களக் கூப்பிட்டுப் போனவரா?

— சுரங்கத்துக்குள்ள போகையில பார்த்தேன் ரோசி. பம்பப் புடிச்சிக்கிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்னான். கூடைய எடுறான்னேன், அசையல. எனக்குக் கோவம் வந்துருச்சு. சோம்பேறி நாயே, ஒன்னைய நம்பிக் கூட்டிட்டு வந்தேனேன்னு, நீங்க கரன்ட்ட வெட்டுற வரைக்கும் நான் அவன ஏசிக்கிட்டேதான் இருந்தேன்.