மூன்றாம் நாள் படப்பிடிப்பு

பிளேன்டீக்கு சீனி போட வேணாம் இன்ஸ்பெக்டர் சேர், எனக்குக் கொஞ்சம் சுகர் இருக்கு. நீங்க அந்தக் கமெராவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீங்க. பாருங்க. அதுல மறைக்க ஒண்டும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்துல நாடகம் படிப்பிக்கிறேன். மாணவர் வன்முறைக்கு எதிரா ஒரு குறும்படம் எடுத்தேன். எதிரா, சேர். அதை முதல்ல எழுதுங்க. போன வருஷமும் ஒண்டு எடுத்துப் போட்டிக்கு அனுப்பினேன். அடி விழுற காட்சி வெறும் பகிடியா இருக்கு எண்டு நடுவர் சொல்ல, முழு மண்டபமும் சிரிச்சுது. பக்கத்துல இருந்த என்ட மனுசி ஹிதாயாவும் சிரிச்சா. எனக்கு மானமே போயிட்டுது.

இந்த வருஷம் பதினோராம் வகுப்பு நுஸ்கியையும் நஜாத்தையும் போட்டேன். உயிர்ச் சிநேகிதர்கள். நுஸ்கி கோபத்துல நஜாத்தைத் தள்ளி விழுத்தணும், அவ்வளவுதான் காட்சி. ஒத்திகையில அவன் தள்ளினதைப் பார்த்தா, பஸ்ஸில வயசாளிக்கு இடம் விடுற மாதிரி இருந்துது.

அப்பதான் ஒரு புதன்கிழமை கிரிக்கெட்டுல தர்க்கம் வந்து, குவைத்தில வேலை செய்ற நுஸ்கிட உம்மாவைப் பத்தி நஜாத் ஒரு சொல் சொல்லிட்டான். நுஸ்கி அவனோட கதைக்கிறதை விட்டான். அவன்ட கண்ணைப் பார்த்தேன். எனக்கு வேண்டிய கண் அதுதான்.

ஆனா எங்கட பிள்ளைகள் மூணு நாளைக்கு மேல கதைக்காம இருக்க மாட்டாங்க. மார்க்கத்துல அதுக்கு இடமும் இல்லை. சனிக்கிழமைக்குள்ள ஒருத்தன் சலாம் சொல்லுவான், மற்றவன் கை குடுப்பான், கதை முடிஞ்சுது. அதனால அடுத்த கிழமை வச்சிருந்த ஷூட்டிங்கைச் சனிக்கிழமை காலைக்கு எடுத்தேன். வேற பிள்ளைகளை வர வேணாம் எண்டேன். இதுல என்ன பிழை?

இடத்தையும் மாத்தினேன். மைதானத்து மணல்ல விழுந்தா பார்க்கிறவனுக்கு நோகாது. புதுக் கட்டடத்து மேல் மாடி பாதியில நிக்குது, ஓரத்துல சுவர் இல்லை. ஓரத்துல இருந்து ஆறடி உள்ளுக்கு நிக்கணும் எண்டு நானே அளந்து கோடு போட்டேன். நான் கவனமான ஆள், சேர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வரக்குள்ள நஜாத் என்னைப் பிடிச்சான்.

“கிட்டப் போனா மூஞ்சத் திருப்புறான் சேர். நீங்க சொன்னாக் கேப்பான். என்ட சலாத்தச் சொல்லுங்க. உம்மாவப் பத்திக் கதைச்சது பிழைதான், மன்னிக்கச் சொல்லுங்க.”

“ஓம், சொல்றேன்” எண்டேன். பிள்ளைக்குச் சந்தோஷம். ஒருத்தர் சொல்லி அனுப்புற சலாம் அமானிதம், நம்பிக் குடுத்த பொருள் மாதிரி, உரியவன்கிட்ட சேர்த்தே ஆகணும். காலைக் கூட்டத்துல இதை நானே பேசியிருக்கேன்.

சனிக்கிழமை கமெராவைச் சரிபார்க்கக்குள்ள நுஸ்கி வந்து, “நஜாத் ஏதும் சொன்னானா சேர்?” எண்டான். குரல் இறங்கியிருந்துது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா அந்தக் கண் எனக்குக் கிடைக்காது.

“ஓம், உன்ட உம்மாட கதையைத் திரும்பச் சொல்லிச் சிரிச்சான்” எண்டேன். படம் முடிஞ்ச பிறகு சலாத்தைச் சொல்லுவம் எண்டுதான் இருந்தேன்.

நஜாத் படி ஏறி வந்தான். நான் சலாத்தைச் சேர்த்திட்டேன் எண்டு நினைச்சு, சிரிச்சிக்கொண்டு கையை நீட்டினான். நுஸ்கி அந்தச் சிரிப்பைப் பார்த்தான். தள்ளினான். நிப்பாட்டாமத் தள்ளிக்கொண்டே போனான். ‘கட்’ சொல்ல எனக்கு வாய் இருந்துது, சேர். சொல்லல்ல. பத்து செக்கன் ஓடியிருக்கும், நீங்களே பார்த்தீங்க. பிறகு ஓரத்துக்குப் போய், கீழ கொங்கிறீட்டில நஜாத் கிடந்ததையும் எடுத்தேன். கை ஆடல்ல.

நஜாத்தை அடுத்த நாள் அடக்கினோம். நுஸ்கியைக் கொலைகாரன் எண்டு பிடிச்சு வச்சிருக்கீங்க. நான்தான் சொல்லி ஏத்திவிட்டேன் எண்டு அவன் சொன்னதா சொன்னீங்களே, அது உண்மை. நஜாத் சிரிச்சான் எண்டது நான் சொன்ன பொய். அந்தப் பிள்ளை செத்தது என்னால. எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்.

ஒரு வேலைதான் மிச்சம். என்னை நுஸ்கியைப் பார்க்க விட மாட்டீங்க. நீங்க போனா, நஜாத் சலாம் சொன்னான், மன்னிக்கச் சொன்னான் எண்டு சொல்லிடுங்க. அடுத்தவன்ட அமானிதத்தைக் கையில வச்சிருக்கிற ஆள் இல்லை நான்.