மந்திரிக்குக் கட்டிய கூண்டு

“ஏனுங்க, நாய்க்கூண்டுக்கு எதுக்குங்க ஏழடி உசரம்? மந்திரி ரெண்டடிதானுங்க இருக்குது.”

“மனுசன் உள்ள நின்னு கூட்ட வேண்டாமா அம்மணி? எல்லாம் ரோசனை பண்ணித்தான் பிளான் போட்டிருக்கறேன்.”

இது தை மாதத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார், இன்ஸ்பெக்டர் மேடம். அவர் பெயர் காளிச்சாமி. கருமத்தம்பட்டியில் எங்களுக்கு விசைத்தறிக் கூடம். மந்திரி எங்கள் நாய். எங்கள் தெருவில் யார் கூப்பிட்டாலும் அது மட்டும்தான் எழுந்து வராது, அதனால் அந்தப் பெயர்.

கூண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நாய் வளர்க்கிறீர்களாம், உபயோகப்படும். மண்ணிலிருந்து ஒரு அடி உயர்த்திச் சிமெண்ட் தளம். கழுவின தண்ணீர் ஓட ஒரு பக்கமாகச் சாய்வு, கடைசியில் குழாய். படுக்க மர மேடை. தகரக் கூரைமேல் வெயிலுக்குத் தென்னங்கீற்று. முன்னால் ஓடியாட இருபதடி நீளத்துக்குக் கம்பிவலை. நாய் சட்டென்று வெளியே பாய்ந்துவிடக் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, இரண்டுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தட்டைத் தள்ள அடியில் ஒரு சின்னத் திறப்பு. குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. உடுமலையில் என் தங்கை மதிவதனி வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். காலையில் அவள் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் வாசலில் இவர் கார் ஹாரன் அடிக்கும். “ஏனுங்க, ஒன்னு கேக்கோணும்” என்பேன். “அப்பறம் பாத்துக்கலாம் அம்மணி” என்பார், செருப்பை மாட்டிக்கொண்டே. கெட்டவர் இல்லை. நின்று கேட்க நேரமில்லாதவர், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை காலை கூண்டு வேலை முடிந்தது. போன் நனையக் கூடாது என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, “எங்கியாச்சும் தேங்குதா பாரு” என்றார். பார்த்தேன். எங்கும் தேங்கவில்லை. திருப்தியாக இருந்தது. இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன்.

முதலில் சிரித்தார். பிறகு, “தொறந்து உடு. நான் வெளிய வந்தா என்ன ஆகும்னு தெரியுமல்ல?” என்றார். தெரிந்ததால்தான் திறக்கவில்லை. கேட்க வேண்டியதை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் கோபத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? அவர் மனசு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

தறிக்கூடத்தில், பழனிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். பீளமேட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கனிஷ்காவிடமும் அதுதான். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. தறிகள் வழக்கத்தைவிட ஒழுங்காக ஓடினவாம்.

நான் கொடுமை எதுவும் செய்யவில்லை. கால்நடை டாக்டர் மந்திரிக்கு எழுதிக் கொடுத்த நேரப்படியே எல்லாம் நடந்தது. இரண்டு வேளை சாப்பாடு. காலையில் குழாய் பிடித்துத் தரையைக் கழுவுவது. சாயங்காலம் அரை மணி நேரம் நடை, அந்த இருபதடிக்குள். பிரஷர் மாத்திரையைத் துப்பினார். தயிர்சாத உருண்டைக்குள் பொதிந்து கொடுத்தேன், இறங்கிவிட்டது. மற்ற அவசரங்களுக்கும் அந்தச் சாய்வே போதுமானதாக இருந்தது. பினாயில் நான்தான் ஊற்றினேன். மந்திரி ஏசி அறையில் அவர் கட்டிலில் படுத்தது. குறட்டையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்து மாசாணியம்மாள் முருங்கைக்காயோடு வந்துவிட்டார். இவர் கூப்பாடு போடுவார் என்று நினைத்தேன். ஆனால் இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“வாங்கக்கா, வாங்க. உக்காருங்க. ராசாத்தா, அக்காளுக்குக் காப்பி கொண்டா.”

“ஏனுங் தம்பி, உள்ள என்ன பண்றீங்க?”

“காத்து வருதா, வெக்கை அடிக்குதான்னு பாக்கறனுங்கக்கா. நாம இருந்து பாத்தாத்தானுங்களே தெரியும்?”

“அதுக்குன்னு தாடி மொளைக்கற வரைக்குமுங்களா?”

“வேலைன்னா முழுசாப் பாக்கோணுமுங்க.”

அக்கா காபி குடித்துவிட்டு, “எங்க ஊட்டுக்காரருக்கும் இப்பிடி ஒன்னு கட்டிப்போடோணும்” என்று சிரித்தபடி போனார். போகும்வரை, திறந்துவிடச் சொல்லி இவர் கேட்கவே இல்லை. பெண்டாட்டி அடைத்துவைத்தாள் என்று ஊர் பேசுவதற்கு அந்தச் சிமெண்ட் தரையே மேல் என்று நினைத்திருப்பார். அவர் கௌரவம் எனக்குத் தெரியும். தாழ்ப்பாளைவிட அதைத்தான் நான் நம்பினேன்.

அவரை அடைத்த பிறகு உன்னைத் தடுக்க யார் இருந்தார்கள், பஸ் ஏறி உடுமலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். அவரைக் கேட்காமல் எப்படி மேடம் போவது? நான் அப்படிப்பட்டவள் இல்லை.

நான்காம் நாள், சனிக்கிழமை காலை, தட்டோடு போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து கதவோரம் நின்றார். இருபத்தேழு வருஷத்தில் நான் வரும் சத்தத்துக்கு அவர் எழுந்து வந்தது அதுதான் முதல்முறை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வலைக்குள் விரலை விட்டு அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டேன். அவர் விலகவில்லை.

“ராசாத்தா, உனக்கு என்ன வேணுமோ சொல்லிப்போடு. கேக்கறேன்” என்றார், மெதுவாக.

அப்பா போனை எடுக்கவில்லை என்று கனிஷ்கா வந்து பார்த்ததும், உங்களைக் கூப்பிட்டதும் மதியத்துக்கு மேல்தான். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. தட்டைக் கீழே வைத்தேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏனுங்க, நான் உடுமலைக்குப் போயி, தங்கச்சி ஊட்டுல பத்து நாளு இருந்துபோட்டு வரட்டுங்களா? நீங்க வேண்டாம்னு சொன்னாப் போகலீங்க.”