முதலில் காடு, பிறகு கடல்

ஒரு விடுதி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அங்கே தங்கியவர்கள் எழுதும் பாராட்டைப் படிக்காதீர்கள். குறைகளைப் படியுங்கள். பாராட்டெல்லாம் ஒரே அச்சு. குறை சொல்லும்போதுதான் மனிதன் உண்மை பேசுவான். 'விடிய விடிய அலைச் சத்தம், தூங்கவே முடியவில்லை' என்று ஒருவர் திட்டியிருந்தால், அறை நிஜமாகவே கடலோரம் இருக்கிறது என்று பொருள். 'குளியலறைக்குள் குரங்கு வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது' என்றால் நல்ல காற்றோட்டம். பயண ஏற்பாட்டுத் தொழிலில் நான் கற்ற வித்தை இது ஒன்றுதான். நீங்களும் விடுமுறைக்கு எங்காவது போவீர்கள் இல்லையா சார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் ஆப்பிரிக்கா போக வேண்டும் என்று வந்தபோதும் இப்படித்தான் இடம் பார்த்தேன். கொஞ்ச நாள் காட்டில் விலங்குகள், கொஞ்ச நாள் கடற்கரையில் ஓய்வு. திரும்பி வந்ததும் மாப்பிள்ளை வேறு ஊரில் சொந்தமாகப் பல் மருத்துவமனை வைக்கப்போகிறார், இருவரும் அங்கேயே குடிபோகிறார்கள் என்று பேச்சு. அதுவரை எதிர்வீட்டில்தான் இருந்தார்கள். இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை முறுக்கு மருந்துக்கும் கிடையாது. சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒரே ஒரு தொந்தரவு, தூக்கத்தில் எழுந்து நடப்பார். தாழ்ப்பாள், சங்கிலி எதுவும் நிற்காது. ஒருமுறை வாசல் காவலாளியை நாற்காலியில் உட்காரவைத்து, "ஆ காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளியே தெரிந்தால் வெட்கம் என்று யாரிடமும் சொல்வதில்லை. சொந்தத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குத் தங்கை ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். படுக்கும்போது துப்பட்டாவின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வாள். அவர் எழுந்தால் இவள் கை இழுபடும். சத்தம் போடாமல் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்து படுக்கவைப்பாள். திடீரென்று எழுப்பினால் மனிதர் மிரண்டுவிடுவாராம்.

"மூணு முடிச்சு போட்டதோட அவரு வேலை முடிஞ்சுதுண்ணே. தெனமும் முடிச்சு போடறது நான்தான்," என்று சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த பெண். தலை பின்னிவிட்டது நான். அவளுக்காகத்தான் நான் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அப்படிப்பட்டவள் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்து சோறு போடுவதை எத்தனை நாள் பார்ப்பது? குருவி தலையில் பனங்காய். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாதவர்களுக்காக யாராவது ஒருவர் யோசிக்க வேண்டுமே.

மாப்பிள்ளை தாமே ஒரு விடுதியைப் பார்த்துவிட்டு வந்தார். "மச்சான், இதுல நீச்சல் குளம் இருக்கு. சுத்தி மின்வேலி வேற. இதையே போட்டுடலாமா?"

"வேலிக்குள்ள உக்காந்து பாக்கறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு மாப்பிள்ளை? மிருகக்காட்சி சாலை இங்கயே இருக்கே."

அவர் தெரு முழுக்கக் கேட்கச் சிரித்தார். தங்கைதான் கேட்டாள்: "பத்திரமா இருக்குமாண்ணே?"

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

பார்க்கத்தான் செய்தேன். ஆற்றங்கரையில் ஒரு கூடார விடுதி. பாராட்டுகள் கொட்டிக் கிடந்தன, அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஒரு குறை: 'வேலியே கிடையாது. இருட்டினால் துப்பாக்கிக் காவலாளி துணையில்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. விசில் அடித்து அவரைக் கூப்பிட வேண்டும்.' இன்னொன்று: 'இரவெல்லாம் நீர்யானைகள் கூடாரத்தை உரசிக்கொண்டு மேய்கின்றன. கதவு என்று இருப்பது வெறும் ஜிப்.' சிங்கத்தைவிட நீர்யானைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மூன்றாவது, புதிதாகக் கல்யாணமான ஒருவர் எழுதியது: 'கட்டில்கள் தனித்தனி. தரையோடு முடுக்கியிருக்கிறார்கள், சேர்த்துப் போட வழியில்லை. நடுவில் பெரிய மேசை வேறு.' பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. அந்தத் துப்பட்டா எட்டாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிக் கொடுத்தவனே நான்தானே.

விடுதியிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்து, குழந்தைகள், முதியவர்கள், தனிக் கவனம் தேவைப்படுகிறவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தாள். இல்லை என்றேன். மாப்பிள்ளை குழந்தையும் இல்லை, முதியவரும் இல்லை.

முதலில் காடு, பிறகு கடல் என்று வரிசை போட்டதும் நான்தான். கடற்கரை விடுதிக்கு இன்னும் மெனக்கெட்டேன். துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கூட்டம் ஆகாது, பாட்டுக் கச்சேரி ஆகாது, பக்கத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். 'பேச்சுத் துணைக்கு ஆளே இல்லாத இடம்' என்று ஒருவர் குறைபட்டிருந்த விடுதியைப் பிடித்தேன். அங்கே அடுத்த அறை என் பெயரில் முன்கூட்டியே ஏன் இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? செய்தி வந்த பிறகு தேடினால் அந்தப் பருவத்தில் அறை கிடைக்காது சார். தொழில் தெரிந்தவன் முன்பே போட்டுவிடுவான்.

ஆமாம், மாப்பிள்ளை திரும்பி வரக் கூடாது என்று நினைத்தேன். அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. என் தங்கை ஒரு இரவாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதற்கு அவர் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் அவள் எதிர்வீட்டில் இருப்பாள். எல்லாம் பழையபடி.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவர் எழுந்தார், ஜிப்பைத் திறந்தார், கூடாரங்களை இணைக்கும் மரப்பாலத்தின் மேலேயே ஒழுங்காக நடந்து சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போய், மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். ஒரு கீறல் இல்லை. என் தங்கை விழித்துப் பார்த்தபோது கட்டில் காலி. விசில் தலைமாட்டிலேயே இருந்தது. அவள் அடிக்கவில்லை. அடித்தால் அவர் மிரண்டுவிடுவார் இல்லையா? துப்பட்டாவை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், புல்லுக்குள் இறங்கித் தேடப் போயிருக்கிறாள். ஆற்றுக்கும் மேய்கிற நீர்யானைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் தேடிக்கொண்டு போவாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தூக்கம் கிடைத்தால் தூங்குவாள் என்று நினைத்தேன். கையில் வளர்ந்தவள், ஆனாலும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, சார்.

போய் அவளைக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை இப்போது சிரிப்பதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மச்சான் அவளக் கொன்னுட்டேன்," என்று தினமும் அழுகிறார். நான் மறுப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் எழுந்து நடந்தவர் அவர்தானே.

அந்த விடுதிக்கு நானும் ஒரு குறை எழுதிப் போட்டேன். இத்தனை வருடத் தொழிலில் நான் எழுதிய முதல் குறை. வேலி கிடையாது என்பதை யாராவது ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால், என் தங்கையை அங்கே அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று எழுதினேன். எழுதும்போது நிஜமாகவே அழுதேன். குறை சொல்லும்போதுதான் மனிதன் உண்மை பேசுவான் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா.