ராசாவின் சித்தப்பா

– ரீவியை நிப்பாட்டாதேங்கோ சித்தப்பா. பல்கேரியா ராசா ஐம்பது வருசத்துக்குப் பிறகு தன்ர நாட்டிலை இறங்கிறார். நான் பாக்கோணும்.

– அவர் இறங்கினால் எங்களுக்கென்ன, பீற்றர்? சோறு ஆறுது.

– யூனிவேசிற்றியிலை இவரைப் பற்றித்தான் எழுதினனான். தகப்பன் சாகேக்க இவருக்கு ஆறு வயசு. என்ர அப்பா சாகேக்க எனக்கும் ஆறு. சின்னப் பெடியன்ர பேரிலை நாட்டை ஆள மூண்டு பேர் வந்து இருந்தினம். ரீஜென்ற் எண்டு பேர். ஒரு புரொபெசர், ஒரு ஜெனரல், மற்றது ஆர் தெரியுமோ? தகப்பன்ர தம்பி.

– ஆருக்குக் குத்துறாய் எண்டு விளங்குது.

– விளங்கட்டும். ரீஜென்றைத் தெரிவு செய்யப் பெரிய சபையைக் கூட்டோணும் எண்டு அங்கை சட்டம். அவை கூட்டேல்லை. தங்கட ஆக்களைக் கொண்டு கையைத் தூக்கிப்போட்டு ஏறி இருந்திட்டினம். நீங்களும் அப்பிடித்தான்.

– உனக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை. உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஹீத்ரோவிலை நிக்கேக்க எந்தச் சபையைக் கூட்டச் சொல்லுறாய்?

– அது அப்ப. இப்ப எனக்கு இருபத்திரண்டு. கோயிலிலை கலியாண ஓலை குடுத்திருக்கிறியள். என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?

– உனக்கு ஆர் சொன்னது?

– இம்மாகுலேற் அன்ரி. உங்கட வீட்டிலை கலியாணமாமே எண்டு பஸ்ஸுக்குள்ளை வைச்சுக் கட்டிப் பிடிச்சவ. மூண்டு ஞாயிறு பூசையிலை பேரை வாசிச்சு, தடை இருந்தால் சொல்லுங்கோ எண்டு எங்கட மோர்டன் முழுக்கக் கேப்பினம். மாப்பிள்ளையை மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

– கொஞ்சம் பொறு, கேட்டியோ...

– பொறுக்கேலாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து எமில்டா ரீச்சர் தோர்ண்டன் ஹீத்திலையிருந்து வந்து வந்து போகேக்கையே நினைச்சனான். அவவின்ர பெறாமகள் ஆரையோதானே எனக்குப் பேசினனீங்கள்? பெட்டையின்ர முகம்கூட எனக்குத் தெரியாது.

– வாயை மூடு. ரீச்சரை இதுக்குள்ளை இழுக்காதை.

– ஏன் கோவம் வருது? எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சிநேகிதன், தலைமயிர் எவ்வளவு நீளம், எல்லாம் என்ர பேரிலை நீங்கள்தான் ஆண்டனீங்கள். இனிக் காணும்.

– அந்த மூண்டு பேருக்கும் கடைசியிலை என்ன நடந்தது? அதையும் சொல்லன்.

– கொம்யூனிஸ்ற் ஆக்கள் பிடிச்சுச் சுட்டுப்போட்டினம்.

– பெடியனை?

– பெடியனை நாட்டை விட்டு அனுப்பிவிட்டினம்.

– அவன் கலியாணம் கட்டி, பிள்ளையளும் பெத்து, இப்ப சனத்துக்குக் கை காட்டுறான். அந்தச் சித்தப்பன் கலியாணம் கட்டினவனோ?

– நான் அதைப் பற்றி எழுதேல்லை.

– எழுதமாட்டாய்.

– கதையை மாத்தாதேங்கோ. கதவிலை தொங்குற புதுச் சூட்டும் எனக்குத்தானே? அளவுகூட எடுக்காமல்.

– போட்டுப் பார்.

– போடமாட்டன்.

– கோட்டை மட்டும் போடடா எண்டுறன்.

– இந்தா, பாருங்கோ. கை முழங்கையோடை நிக்குது. வயித்தடியிலை இன்னொரு ஆள் இருக்கலாம். இது... சித்தப்பா, இது உங்கட அளவு.

– ஓம் ராசா. ரீச்சருக்குப் பெறாமகள் எண்டு ஒருத்தரும் இல்லை. நீ படிச்சு முடிக்குமட்டும் பொறுத்திருந்தது ரீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையிலை சுவாமி ஊரைக் கேக்க முதல் நான் உன்னைக் கேக்கிறன்: உனக்கு ஏதும் தடை இருக்கோ?