பின்னால் நிற்கும் படம்

புதன்கிழமை பிற்பகல் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முன் இருக்கையில் கலியாண வீடியோ எடுக்கும் வாலிபர்கள் இருவர் இருந்தார்கள். யன்னலோரத்தில் இருந்தவரின் மடியில் ஒரு டிவிடி.

“மௌத்தானவவ பின்னுக்குத்தான் போட்டன் மச்சான். அவ போகல்ல,” என்றார் அவர்.

“விளங்கக் கதை.”

“மாப்பிள்ளைட முதல் பொண்டாட்டி இப்ப உசிரோட இல்ல. அவட கலியாண டிவிடியும் நான்தான் செஞ்ச. டிவிடி போட்டதும் முதல்ல வாற அந்த மெனுப் பக்கத்தையே எடுத்து, பழைய பொண்ணுட படத்துக்கு மேல புதுப் பொண்ணுட படத்த வெச்சன். கீழ இருந்தத அழிக்கல்ல.”

“சோம்பேறி. மறைஞ்சுதானே இருக்கும்?”

“படம் மறையும், அந்தப் படத்துல வெச்ச பட்டன் மறையாது. ரிமோட்ட அமத்தினா சிவப்புக் கட்டம் பின்னால இருக்கிறவவத்தான் சுத்தி நிக்குது.”

“ஆரு கண்ட?”

“புதுப் பொண்ணு. மௌத்தானவட தங்கச்சி. இப்ப ராத்தாக்குச் சீதனமாக் குடுத்த வீட்டுலதான் இருக்குது.”

மற்றவர் அந்த டிவிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப அழிச்சிட்டாய்தானே?”

“ஓம். அழிச்ச டிஸ்க்தான் இது. பஸ் ஏறக்குள்ள அந்தப் பொண்ணு போன் எடுத்து, அழிக்க வேணாம் எண்டு அழுகுது.”

“ஏனாம்?”

“‘இப்பயெண்டா ராத்தா எங்க நிக்கிறா எண்டு எனக்குத் தெரியும் நானா. டிவிடில அழிச்சா வீட்டுல எங்க நிப்பா?’ எண்டு கேட்குது.”