நேமம் என்று மாற்றினேன்

பலகாரக் கடைக்கு எதற்கு இந்தக் கருவியெல்லாம் என்று நீங்கள் கேட்டது நியாயம்தான், மேடம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். காரைக்குடியில் அதிரசமும் மணகோலமும் விற்கிறவருக்கு, தன் வெப்சைட்டுக்கு வருகிறவர் எங்கே கிளிக் செய்கிறார், எங்கே தயங்குகிறார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் தெரிந்தபோது ஆகத்தான் செய்தது. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் பலகார டப்பாவின் படத்தைப் போட்டுக் குத்திக்கொண்டே இருந்தார்கள். அது வெறும் படம். அவர்கள் அதைப் பட்டன் என்று நினைத்தார்கள். ஒன்றும் நடக்காததால் அலுத்துப்போய் வெளியேறினார்கள். நான் அந்தப் படத்தையே பட்டனாக்கினேன். அந்தத் தீபாவளிக்குக் கடைக்காரர் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சீப்புச்சீடை கொடுத்தனுப்பினார்.

கண்டரமாணிக்கத்தில் பழைய வீட்டை ஓட்டலாக்கியிருப்பவருக்கும் நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன். முகப்பில் தேக்குத் தூண்களின் படத்தைப் போட்டுவிட்டு அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர்களோ தூணைத் திரும்பியும் பார்க்காமல் குளியலறைப் படத்தில் போய் நிற்கிறார்கள். வெந்நீர் வருமா என்பதுதான் அவர்கள் கவலை. கண்டாங்கிச் சேலை விற்கும் அம்மாவுக்கு வேறு சிக்கல். சேலையைக் கூடையில் போடுவார்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடுவார்கள், கிடைக்காமல் போய்விடுவார்கள்.

கடையில் உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். இணையத்தில் முகம் கிடையாது. அதனால் கர்சரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரெல்லாம் இந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, முகம் பார்க்க முடியாத வியாபாரம் எல்லாமே வைத்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் தளத்துக்குள் வந்ததிலிருந்து போகிறவரை செய்ததெல்லாம் வீடியோ போலப் பதிவாகிவிடும். வேண்டுமானால், அவர் உள்ளே இருக்கும்போதே நேரடியாகவும் பார்க்கலாம்.

கல்யாணத் தளமும் ஒரு கடைதான். கார்த்திகேய சிவம் அண்ணன் எங்கள் நகரத்தார் பிள்ளைகளுக்காக அதை நடத்துகிறார். பெண் வீட்டார் ஒரு வரனைத் திறந்து பார்க்கிறார்கள், பதில் எழுதத் தொடங்குகிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டார். நான் கருவியைப் பொருத்தினேன். தளத்தின் பராமரிப்பும் என் கையில்தான் இருந்தது.

இந்தக் கருவியில் ஒரு மரியாதை உண்டு. வருகிறவர்கள் தட்டச்சு செய்கிற எழுத்துகள் நமக்கு வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். அந்த மறைப்பை எடுத்துவிடவும் வசதி இருக்கிறது. நான் எடுத்தேன். அண்ணனுக்கு அது தெரியாது, அவரை இதில் இழுக்க வேண்டாம். பாதியில் விட்ட பதில்களைப் படிக்காமல் ஏன் விட்டார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை.

என் தங்கை தேனம்மையை அந்தத் தளத்தில் பதிந்ததும் நான்தான். எங்களைப் பெற்ற அப்பச்சியும் ஆத்தாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். எனக்கு வரன் வந்த காலத்தில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். வந்ததையெல்லாம் வேண்டாம் என்றேன். அதற்காக அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவளை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவளுக்கு எடுப்பாக இருக்கும் பச்சைச் சேலைப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டவளும் நான்தான்.

அவளுக்கு விருப்பம் தெரிவித்தவர் வயிரவன். கீழச்சிவல்பட்டிக்காரர், புனேயில் வேலை. தேனம்மை அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கர்சர் என் திரையில் தெரியும் அல்லவா? அவர் படத்துக்குப் பக்கத்தில் வந்து, எதையும் தொடாமல், சும்மா நிற்கும். அவளை ஒரு கைப்பிள்ளையாக நான் தூக்கி வளர்த்திருக்கிறேன், அவள் அப்படி ஒன்றின் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு வலித்தது.

பிறகு அவருடைய பதிவுகளைப் பார்த்தேன். அக்கா என்றால் விசாரிக்கத்தானே வேண்டும்? அவர் தேனம்மையின் படிப்பைப் படித்தார், ஆசிரியை வேலையைப் படித்தார். குடும்பம் என்ற இடத்துக்கு வந்தார். அங்கே 'மூத்த சகோதரி, திருமணமாகாதவர்' என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும். அதன்மேல் நின்றார். மேலே போனார், திரும்பவும் அதே வரிக்கு வந்தார். என் தொழிலில் அதற்குப் பெயர் தயக்கம். ஒரு வரியில் இப்படித் தயங்குகிறவர் நாளைக்கு என் தங்கையை என் வாசலுக்கு அனுப்பவா போகிறார் என்று தோன்றியது.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. எங்கள் கோயில் நேமம், வயிரவன் வீட்டாருக்கு வேலங்குடி. எங்களிடையே பெண் கொடுத்து எடுக்கத் தடை இல்லை. ஒரே கோயிலாக இருந்திருந்தால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. பிறகு ஜாதகமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். தளத்தின் முதல் சல்லடை அதுதான்.

வயிரவனின் பக்கத்தில் வேலங்குடி என்று இருந்ததை நேமம் என்று மாற்றினேன். அலுவலகத்தில் விசாரித்து உறுதி செய்த விவரத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக் வரும். அதையும் வைத்தேன். தேனம்மை திரும்பத் திறந்தபோது, இவர் உங்கள் பங்காளி, தொடர்புகொள்ள இயலாது என்று வந்தது. வயிரவனுக்கு, 'பெண் வீட்டாருக்கு விருப்பமில்லை' என்ற வழக்கமான செய்தி போனது. அதை அனுப்பியதும் நான்தான். நல்ல தமிழில், மனம் நோகாத மாதிரி எழுதப்பட்ட செய்தி அது.

அவள் கோயில் பெயரின் மேல் கர்சரை வைத்து அழுத்தினாள். அது பட்டன் இல்லை. மறுபடி அழுத்தினாள். பலகார டப்பாவைக் குத்தியவர்கள் மாதிரிதான், ஆனால் அவர்கள் அலுத்து வெளியேறினார்கள், இவள் போகவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளறையில் மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து, விளக்கேற்ற வேண்டும் என்றாள். கண் சிவந்திருந்தது. நான் திரியை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளாகவே வந்து என் பக்கத்தில் நின்றாள். எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆச்சி, நேமத்துக்குப் போயிட்டு வருவமா? எங்கூட வாரீகளா?"

"என்ன தேனு, திடீர்னு?"

"சாமிகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

போனோம். சன்னதியில் அவள் கண்ணை மூடவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு அழுதாள். அர்ச்சனைத் தட்டு என் கையில் இருந்தது. வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"ஒருத்தர மனசுல நெனச்சுட்டேன் ஆச்சி. பாத்தா அவரு நம்ம கோயிலாம். கூடப் பொறந்தவரப் போயி அப்படி நெனச்சிருக்கேன். எனக்கே அருவருப்பா இருக்கு."

தெரியாமல் நினைத்ததற்குத் தோஷம் இல்லை என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் என் மடியில் சாய்ந்துகொண்டாள். ஆத்தா இறந்த அன்றைக்கு அப்படிச் சாய்ந்தவள். இனிமேல் வரன் எதுவும் பார்க்க வேண்டாம், தன் படத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்தேன். அன்று முதல் வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தோம். அவள் பள்ளிக்கூடம் போவாள், வருவாள். கண்ணாடி முன்னால் அதிகம் நிற்க மாட்டாள். என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கூச்சம், வேறென்ன?

மாட்டிக்கொண்டது எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் நேமம் என்று இருந்ததால், வேலங்குடிக் கோயில் பெண் வீட்டார் வரிசையாக வயிரவனுக்கு விருப்பம் தெரிவித்தார்கள். அவருடைய தாயார் கார்த்திகேய சிவம் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "எங்க பங்காளி வீட்டுப் பிள்ளைகளாத் தேடி அனுப்புறீகளே, என்னத்தப் பாத்து வச்சிருக்கீக?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அண்ணன் தேடிப் பார்த்தார். மாற்றம் நடந்தது என் கடவுச்சொல்லில். அதற்குள் வயிரவனுக்குத் தேவகோட்டையில் பெண் நிச்சயமாகிவிட்டது. நல்ல குடும்பம் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் போலீசுக்குப் புகார் எழுதுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் கண்ணம்மை?" நேற்று நீங்கள் கேட்டபோது சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன். அந்த மனிதர் தயங்கினார், என் தங்கையைக் காப்பாற்றினேன் என்றேன்.

அது பொய் இல்லை, மேடம். ஆனால் அவர் தயங்கியதைப் பார்த்த அன்று நான் எதையும் மாற்றவில்லை. மாற்றியது அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

காலையில் தேனம்மை உள்ளறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அவள் வயிரவனுக்குப் பதில் எழுதத் தொடங்கியது என் திரையில் ஓடியது. 'எனக்குச் சம்மதம். ஆனால் ஆச்சியைத் தனியாக விட்டுவிட்டு என்னால் வர முடியாது. ஆச்சியும் நம்மோடு இருக்க வேண்டும்.' அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்புவீர்களோ என்னவோ, வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தால், கர்சர் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். ஆச்சி என்று இருந்த இடமெல்லாம் போயிற்று. 'எனக்குச் சம்மதம்' என்பது மட்டும் மிஞ்சியது.

அவள் அதை அனுப்புவதற்குள் நான் குரல் கொடுத்தேன்.

"தேனு, சாப்பிட வா. பணியாரம் ஆறுது."

உடனே எழுந்து வந்தாள். கடைசிப் பணியாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"ஆச்சி, சாயங்காலம் ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இப்பவே கேளேன்."

"இல்ல, நெதானமாக் கேக்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் மத்தது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. பிறகு தலைக்குக் குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வேலங்குடியை நேமம் என்று மாற்றினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அவர் தயங்கியதற்காகவும் இல்லை. அவள் என்னை அழித்ததற்காக.

அன்று சாயங்காலம் அவள் எதுவும் கேட்கவில்லை. இப்போது வெளியே பெஞ்சில், எனக்குக் காப்பி கொண்டுவந்து, ஏதோ தவறாக என்னைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு நீங்களே விசாரித்துப் பாருங்கள். கோயிலில் அவ்வளவு அழுதவள், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியவள், அழித்துவிட்ட அந்த வரியைப் பற்றி இன்றுவரை என்னிடம் வாயே திறக்கவில்லை. எங்கள் இருவரில் மறைத்தவள் அவள்தான், மேடம்.