இருட்டாக இருக்க வேண்டிய செல்கள்

— செல் செத்திருக்கும் கார்வின். செத்த செல் எந்தச் சாயத்தையும் குடிச்சுக்கும், தெரியாதா உனக்கு?

— உயிரோடதான் இருக்கு டெல்ஃபின். கொழுகொழுன்னு இருக்கு. மைக்ராஸ்கோப்ல நீயே வந்து பாரு.

— இன்னும் கொஞ்ச நேரத்துல ஆராய்ச்சிக் கமிட்டி முன்னாடி நிக்கணும். இப்ப வந்து சொல்றியே.

— காலைலதானே பார்த்தேன் தாயே. முதல்ல உட்காரு. நடந்து நடந்து தரையைத் தேய்ச்சிடாதே.

— உட்கார முடியல. மூணு வருஷமா என்ன சொல்லிட்டிருக்கேன்? கடற்பஞ்சுலேர்ந்து எடுத்த என் மருந்து, வலியை உணர்ற ரிசெப்டர்ங்கற புரதத்துல போய் உட்காருது. மருந்துல பச்சைச் சாயம் கட்டியிருக்கு, அதனால ரிசெப்டர் இருக்கற செல் பச்சையா ஒளிருது. இல்லாத செல் இருட்டா இருக்கு. இதுல என்ன தப்பு?

— அந்த இருட்டு செல் எது?

— வெள்ளெலியோடது.

— ஒளிர்றது மனுஷ செல். ரிசெப்டரை நுழைக்கறதுக்கு முந்தின அதே மனுஷ செல்லைத்தானே பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்?

— அப்ப இன்குபேட்டர்ல தயாரா வளர்ந்து நின்னது வெள்ளெலிதான். அதையே போட்டேன். ஒருத்தரும் கேட்கலையே.

— இன்னிக்கு நான் போட்டுப் பார்த்தேன். ரிசெப்டர் இல்லாத மனுஷ செல்லும் ஒளிருது.

— சும்மா மேல ஒட்டியிருக்கும். நீ கழுவற லட்சணம் எனக்குத் தெரியாதா.

— நல்லாவே கழுவினேன். சரி, சாயமில்லாத மருந்தை அதே செல் மேல நிறைய ஊத்துவோம். சும்மா ஒட்டியிருந்தா பச்சை அப்படியே கிடக்கும். நிஜமாவே ஏதோ ஒரு இடத்துல உட்கார்ந்திருந்தா, இது அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். பச்சை அணைஞ்சிடும்.

— வேண்டாம்.

— ஏன்?

— பச்சை போகலைன்னா என் மருந்து வெறும் பசை. மூணு வருஷம் பசையோட குடும்பம் நடத்தியிருக்கேன்.

— ஊத்தட்டுமா, வேண்டாமா?

— ஊத்து.

— ஊத்தியாச்சு. கொஞ்சம் ஆகும். காபி குடிக்கறியா?

— வேண்டாம். அணையுதா?

— பொறு தாயே.

— இப்ப?

— மங்குது. டெல்ஃபின், நிஜமாவே மங்குது. போச்சு, கறுப்பாயிடுச்சு.

— தள்ளு. நான் பார்க்கறேன்... ஆமா.

— உன் மருந்து பசை இல்ல. எதையோ பிடிக்குது. ஆனா நம்ம ரிசெப்டரைப் பிடிக்கற மாதிரி தெரியல. அது எதுன்னு தேடவே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

— முதல் படமா இதைத்தான் காட்டப் போறேன்.

— யோசிச்சுக்கோ. கமிட்டில யாரும் வெள்ளெலியைப் பத்திக் கேட்கப் போறதில்ல. நானும் வாயைத் திறக்க மாட்டேன். அவங்க இன்னிக்குச் சரின்னாத்தான் மான்ட்ரியால் வேலை உனக்கு. இந்த ஹாலிஃபாக்ஸ் மூடுபனி போதும்னு உன் வீட்டுக்காரர் பாஸ்கல் அங்க போய் வீடெல்லாம் பிடிச்சு உட்கார்ந்திருக்கார்.

— மான்ட்ரியால்காரங்களுக்கு வரலைன்னு நேத்தே சொல்லிட்டேன். பாஸ்கலுக்கும் சொல்லிட்டேன்.

— நேத்தா? நான் இந்தச் செல்லைப் பார்த்ததே இன்னிக்குக் காலைலதானே?

— செத்த செல், சரியாக் கழுவல... இந்தச் சாக்கெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தது கார்வின். இந்த செல் ஒளிர்றதை நான் போன வாரமே பார்த்துட்டேன்.